ஒன்பதாவதை முதலில்

வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்குத்
திருவள்ளூரிலிருந்து மனநல மருத்துவர் போனில் வருவார்.
நாற்பது நிமிடம், பதினாறு பேர்.
பெயர் சொல்லமாட்டேன்; வயது, மதிப்பெண், மாத்திரை.
"எழுபத்து மூன்று, ஆண், பத்தொன்பது" என்றேன் ஆடி மாதம்.
எங்கள் டாக்டர் பக்கத்திலிருந்து முணுமுணுத்தார்:
இந்த வயசுல வேற என்ன இருக்கும்.

இருந்தது.
வெங்கடேசலு. ஊத்துக்கோட்டை சோதனைச் சாவடியில்
முப்பத்தொரு வருடம் லாரிச் சீட்டுக்கு முத்திரை குத்தியவர்.
சாவடியை மூடிய பிறகும்
தார்ப்பாய் போட்ட வண்டி கடந்தால்
அதன் எண்ணை வாய்விட்டுப் படிப்பார்.
ஒருநாள் அதையும் நிறுத்திவிட்டார்.

வாராவாரம் கூப்பிட்டேன்.
இரண்டாவது மணியில் எடுப்பார்.
தூங்கினீங்களா? "ஏமீ லேதம்மா."
சாப்பிட்டீங்களா? "ஏமீ லேது."
மாத்திரை? அதற்கு மட்டும் தமிழ்:
"போட்டுக்கிட்டேன். நீ கேப்பியே."

பத்தொன்பது. பதினேழு. பதினேழு.
ஆரணியாற்றுத் தரைப்பாலம் முழுகிய வாரம் பதினெட்டு.
அப்புறம் பன்னிரண்டு.
கார்த்திகை கடைசியில் ஆறு.
அன்று அவரே கூப்பிட்டார்,
சத்தியவேடு பக்கம் போகும் கன்டெய்னர் ஒன்றின்
எண்ணைச் சொல்வதற்கு.

பதிவேட்டில் அடுத்த வரி:
இருபத்து மூன்று, பெண், இருபத்தொன்று.
சின்ன வயசு, சீக்கிரம் தேறிடும் என்றார்கள்
ஹேமாவதியைப் பற்றி,
கை எலும்பு முறிந்ததைச் சொல்வதுபோல.
எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பெனி.
உள்ளே போன் கூடாது, லாக்கரில் வைக்கவேண்டும்.
ஷிஃப்ட் முடிந்தால் தூக்கம்.
தூக்கம் முடிந்தால் பக்கத்தில் அம்மா.
"ராங் நம்பர்" என்றாள் ஒருமுறை.
குரல் எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
பிறகு ஆந்திர சிம்.
பிறகு அதுவும் இல்லை.
இருபத்தொன்றுக்கு அப்பால்
கட்டங்கள் வெள்ளையாக ஓடின.

வருட அறிக்கைக்கு ஒரு வரி கேட்டார்கள்:
நன்றாகத் தேறுவது முதியவர்களா, இளையவர்களா?
முதியவர்கள் என்று எழுதினேன். அழித்தேன்.
தேறுவது வேறு, போனை எடுப்பது வேறு.
அதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை.

பக்கத்தில் சுருட்டப்பள்ளியில்
சிவன் படுத்திருக்கிறான்,
நஞ்சு தொண்டையில் நின்ற அசதியில்.
தலைமாட்டில் பார்வதி, சுற்றிலும் தேவர்கள்.
அவன் வயதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.
எழுந்து நாலு இடம் போய்வா,
எல்லாம் சரியாகிடும் என்றும் யாரும் சொல்லவில்லை.

நேற்று விடியுமுன் ஐந்து மணிக்கு
கம்பெனி வண்டி நிற்கும் மூலையில் போய் நின்றேன்.
அடையாள அட்டையின் கயிற்றை
விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி வந்தாள்.
வண்டி வர மூன்று நிமிடம். கேள்விகள் ஒன்பது.
பசி, தூக்கம், சோர்வு எல்லாவற்றையும் தாண்டி
ஒன்பதாவதை முதலில் கேட்டேன், குரலைத் தாழ்த்தி:
செத்துப்போகலாம்னு தோணுதா?

அவள் சாலையைப் பார்த்தாள்.
"இந்த வாரம் இல்லக்கா."

வளைவில் வெளிச்சம் திரும்பிவிட்டது.
மத்ததெல்லாம்?
"சனிக்கிழமை பகல்ல. வீட்ல யாரும் இருக்கமாட்டாங்க."
என் பேனாவைப் பிடுங்கி
என் உள்ளங்கையிலேயே புது நம்பரை எழுதினாள்,
ஒரு கால் படியில், ஒரு கால் மண்ணில்.

வியர்வையில் கடைசி இலக்கம் கரைந்துவிட்டது.
ஒன்றா, ஏழா, தெரியவில்லை.
இரண்டுக்கும் அடிப்பேன்.