மூன்றரை மணிச் சத்தம்

கங்களாஞ்சேரி வளைவில் கழன்று விழுந்தது சைலன்சர்.
பின்னால் வந்த பால் வண்டிக்காரன்
சாக்கில் சுற்றிச் சுடச்சுட எடுத்துக் கொடுத்தான்.
தகரமா அது, பொரித்த அப்பளம்.
ஐந்து வருஷம் மீன் பெட்டி ஒழுகிய உப்புத் தண்ணீர்
அதைத் தின்றே வளர்ந்திருக்கிறது.
லோனை மட்டும் அரிக்கவில்லை.

கும்பகோணம் பைபாஸில் ஜக்கரியா கடை.
மூன்றை வரிசையாகப் படுக்க வைத்தார்.
"இது கம்பெனி. ஏழாயிரத்து எண்ணூறு.
வண்டி ஓடுறது உங்களுக்கே தெரியாது.
இது கோயம்புத்தூர் சரக்கு, ஸ்டெயின்லெஸ்."
(காந்தம் வைத்துப் பார்த்தேன். பாதி ஒட்டியது.)
"இது பசங்க கேக்குறது. உள்ள தடுப்பே கிடையாது,
இந்தப் பக்கம் ஊதினா அந்தப் பக்கம் காத்து வரும்.
நாலு தெரு கேக்கும். போலீசும் கேக்கும்."

மைலேஜ் கேட்டேன். வாரண்டி கேட்டேன்.
கேட்க வந்ததை எப்படிக் கேட்பதென்று தெரியாமல்
குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தேன்.

பிறகு சொல்லிவிட்டேன்.
நாகப்பட்டினத்தில் ஒன்றரைக்கு ஏலம்,
ஐஸ் போட்டுக் கிளம்ப இரண்டரை.
முடிகொண்டான் பாலத்தில் என் வண்டி
செகண்டுக்கு இறங்கி முனகும்போதுதான்
பவுனம்மா பாயைச் சுருட்டுவாள்.
அச்சுதமங்கலத்தில் தையல்நாயகி
கூடையைக் கவிழ்த்துத் தட்டுவாள்.
நாச்சியார்கோவில் மேரி புஷ்பம்
பல் தேய்த்தபடி ரோட்டுக்கு வருவாள்.
அலாரம் வைக்கலாம்தான்.
ஒற்றை அறையில் ஏழு பேர் தூங்குகிறார்கள்.

நேற்று சைலன்சரே இல்லாமல் போனேன்.
தண்ணி லாரி என்று திரும்பிப் படுத்துவிட்டார்கள் மூவரும்.
நாற்பது கிலோ மத்தி, பாதி விலை.

ஜக்கரியா சிரிக்கவில்லை.
கம்பெனிக் குழாயை மாட்டி ரேஸ் கொடுத்தார்.
புகைக்குப் பக்கத்தில் குந்தி
செல்லை நீட்டினேன்.
"கேக்குதா?"
"என்னா கேக்குதா? எங்க இருக்க நீ?" என்றாள் பவுனம்மா.

பசங்க குழாய்க்குத் தையல்நாயகி அலறினாள்:
"அய்யோ, நிறுத்து!
மருமவ பச்சப்புள்ளையோட வந்துருக்கா."

மேரி புஷ்பத்துக்கு இடது காது மந்தம்.
செல்லை வலதுக்கு மாற்றிக் கேட்டாள்.
"எதுவா இருந்தாலும் கொஞ்சம் கரகரப்பு வேணும் வடிவு.
வழவழன்னு வர்றதெல்லாம் கல்யாணக் காரு."

"போன்ல எல்லாச் சத்தமும் சின்னதாத்தான் கேக்கும்"
என்றார் ஜக்கரியா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு.
கோயம்புத்தூர்க் குழாயின் வாலை நாலு விரல் அறுத்தார்.
பற்ற வைத்தார். ஓடவிட்டார். உதட்டைப் பிதுக்கினார்.
மறுபடி ஒரு விரல்.
வெயில் ஏறி, பெட்டியில் மிஞ்சிய ஐஸ்
சாக்கடை வரை கோடு போட்டிருந்தது.
இரண்டு காக்கைகள் அந்தக் கோட்டிலேயே நடந்தன.
பேசி முடித்து நாலாயிரத்து நூறு.
கிளாம்பும் ரப்பரும் தனி.

இன்று.
முடிகொண்டான் பாலம் தாண்டவும் ஒரு விளக்கு.
அச்சுதமங்கலத்தில் விளக்கும் ஆளும்.
"புள்ள முழிக்கல" என்று கையை ஆட்டினாள்,
எடை போடும்போது ஒரு மீன் கூடுதலாக எடுத்துக்கொண்டாள்.

நாச்சியார்கோவிலில் தெரு முழுக்க இருட்டு.
வாசலில் கூடை இருக்கிறது. ஆள் இல்லை.
இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
இந்தச் சத்தம் எனக்கே இன்னும் பழகவில்லை,
வேறு எவளோ ஓட்டிக்கொண்டு வந்த வண்டி மாதிரி.
ஒரு நிமிஷம் போனது. இன்னொன்று.
கும்பகோணம் மார்க்கெட் காத்திருக்காது.

கிளட்ச்சை அமுக்கிக்கொண்டு
ஒரு தடவை, ஒரே தடவை,
மிதித்தேன்.