படி

மூன்றாம் முறையும் சம்மன் திரும்பி வந்துவிட்டது.
உறை பிரிக்கப்படவில்லை.
யாரோ காப்பிக் கோப்பையை வைத்து எடுத்த
பழுப்பு வட்டம் மட்டும் ஓரத்தில்.
அதுதான் பதில் போல.

இருபத்தாறு வருஷமாய் ஜெனீவாவில்
அமீனா வேலை எனக்கு.
குளியல் தொட்டிக்குள் ஒளிந்த வங்கிக்காரனுக்குக்
கதவிடுக்கில் நீட்டியிருக்கிறேன்.
தாயைப் புதைத்துவிட்டு வந்தவன்
கையுறையைக் கழற்றும்வரை காத்திருந்து
கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.
இந்த ஒரு வாசலில்தான்
என் பேனா மூடியோடு நிற்கிறது.

உள்ளே
உலகத்துக் கடல்களில் உப்பு எவ்வளவு என்று
அளக்கிறார்கள்.
நல்ல வேலை. குறை சொல்ல மாட்டேன்.
நாற்பத்தொரு நாடுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கை.
அதன்படி அங்கே வழக்கு நுழையாது.
காகிதம், கணக்கு, பூட்டிய அலமாரி,
இயக்குநரின் கறுப்புக் கார்,
எதன்மேலும் என் முத்திரை விழாது.
தீப்பிடித்தாலும் தீயணைப்பு வண்டி
மணியடித்து நிற்கவேண்டும் என்று
வாதாடியவர்கள்கூட உண்டு.

லெட்டெப்ரான் அங்கே பாத்திரம் கழுவினாள்.
ஆறு வருஷம் அந்த உப்பைத் தின்றவள்.
ஜனவரி. ஐந்தே முக்கால்.
பீஸ் காற்று ஏரியை அள்ளி வந்து
கம்பிவேலியில் கண்ணாடியாய் உறையவைத்த காலை.
வாசலில் ஒரே ஒரு படி.
அதன் நடுவே பித்தளைக் கோடு:
இப்பால் நகராட்சி, அப்பால் அவர்கள்.
வழுக்கினாள்.
இடுப்பு அப்பால் முறிந்தது.
முன்பல் இப்பால் உடைந்தது.

சிரிக்காதீர்கள்.
நான்தான் நாடா வைத்து அளந்தேன்.
மறுமுனையைக் காவலாளி வால்டெமார் பிடித்துக்கொண்டான்,
கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

பல்லுக்கு நகராட்சி கொடுத்துவிட்டது.
எண்ணூற்று நாற்பது ஃபிராங்க், பதினோரே நாளில்,
வருத்தக் கடிதத்தோடு.
இடுப்புக்கு நீதிமன்றம் இல்லை.
ஊழியர்களுக்கென்று உள்ளேயே ஒரு தீர்ப்பாயம்;
ஆனால் இவள் ஊழியர் அல்ல,
ஒப்பந்தக்காரரின் ஆள்.
ஒப்பந்தக்காரர் மார்ச்சில் திவால்.
அவர் மட்டும் என் சம்மனை
உடனே வாங்கிக்கொண்டார், அழுதபடி.
வாங்குவதற்கு அவருக்கு வேறெதுவும் வரவில்லை அந்த வாரம்.

"விலக்குரிமையை அவர்களே விட்டுக்கொடுக்கலாம்"
என்றார் வக்கீல் மாடாம் பெர்ஸே.
"கேட்டீர்களா?"
"கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம்."
லெட்டெப்ரான் ஊன்றுகோலை மடியில் கிடத்தி
எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள்.
புதுப் பல் கொஞ்சம் அதிக வெள்ளை.
பிறகு கேட்டாள்:
"படியில் உப்பு தூவியிருக்கலாமே,
அவ்வளவு உப்புக் கணக்கு அவர்களிடம்?"

அளப்பது வேறு, வைத்திருப்பது வேறு என்று
விளக்கத் தொடங்கினேன்.
பாதியில் நிறுத்திவிட்டேன்.

எங்கோ ஒரு துறைமுகத்தில்
பொய்க்கணக்கு எழுத மறுத்த ஒருத்தியை
அந்த ஊர்ச் சர்க்கார் சிறையில் தள்ளாமல்
தடுத்ததும் இதே விதிதான்.
தெரியும்.
தெரியாமலிருந்தால்
இரவில் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இன்று டிசம்பர். முதல் உறைபனி.
நாலாவது உறை உள்பையில்.
வழியில் கடையில் நின்று
ஒரு படி உப்பு வாங்கினேன்.
குனிந்து தூவினேன், பித்தளைக் கோடு வரைக்கும்.
அதற்கப்பால் என் கை போகாது.

வால்டெமார் சன்னல்களை அண்ணாந்து பார்த்தான்.
ஒன்றிலும் விளக்கில்லை.
பூட்ஸ் நுனியால்
கொஞ்சம் உப்பை
தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

உறையை நீட்ட மறந்து
டிராம் நிறுத்தம்வரை நடந்துவிட்டேன்.