நாற்பது அட்டை, நாற்பது குழாய்

வெள்ளிக்கிழமை மத்தியானம், மருதானைக் கிளினிக்.
படிவத்தில் "மலம்" என்று எழுதுகிறேன்.
பக்கத்து மேசை நிலந்தி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்:
எங்கள் பாஷையில் மல என்றால் பூ.
இதுக்கும் அதே சொல்தான்,
பின்னால் ஒரு வால் மட்டும் கூட.

நாற்பது பேருக்கு அட்டை கொடுத்தோம்.
மூன்று நாள், மூன்று தடவை, மரக்குச்சியால் பூச வேண்டும்.
மாட்டிறைச்சி கூடாது, முள்ளங்கி கூடாது,
விற்றமின் சி குளிசை கூடாது.
பதினேழு திரும்பி வந்தது.
நாற்பது பேருக்குக் குழாய்.
ஒரே தடவை, குச்சியின் வரிப்பள்ளத்தில் ஒட்டுமளவு போதும்,
எதையும் தின்னலாம்.
முப்பத்தொன்று வந்தது,
யோகட் கோப்பையில், ஞாயிற்றுப் பேப்பரில்,
ஒன்று பட்டுச்சேலைக் கடைப் பையில்.
இரண்டையும் வாங்கிப் போனவர்கள் ஐந்தே பேர்.
அதில் ஒருவர் மாளிகாவத்தை நஸீஹா.

அட்டையில் ஒரு சொட்டு விட்டு
அறுபது வரை எண்ணுவேன்.
மரப்பிசின் ஏற்றிய தாள். இரத்தம் என்றால் நீலம்.
அதற்கு மாட்டு இரத்தமும் இரத்தம்தான்,
முந்தாநாள் வலீமாச் சோற்றையும்
காட்டிக்கொடுக்கும் கோள்சொல்லி.
குழாய் அப்படியில்லை.
மனுசர் இரத்தத்தை மட்டும் இனங்காணும்.
எந்த மனுசர் என்று கேட்காது.
(இந்த ஊரில் அதைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.
இன்றைக்கு அதை எழுதவில்லை.)

நஸீஹாவின் அட்டை நீலம்.
குழாய் ஆறு என்றது. எங்கள் எல்லை இருபது.
"பீஃப் தின்றிருப்பா, குழாயை நம்பு"
என்றார் டொக்டர் ஹேமச்சந்திர.
நானும் நம்புகிறவள்தான்.
கணக்கில் எப்போதும் வெல்வது அதுதான்.
ஆனாலும் போன் எடுத்தேன்.

எப்ப எடுத்தீங்க?
செவ்வாக்கிழம, மிஸ்.
எங்க வச்சீங்க?
பிரிட்ஜில வெக்க மருமக உடல்ல.
காஸ் அடுப்புக்கு மேல தட்டுல வெச்ச.

மூன்று நாள். சித்திரை மாதம். கொழும்பு.
குழாய்க்குள் இரத்தம்
தன் பெயரையே மறந்துபோகும் சூடு.
காய்ந்த அட்டை மட்டும்
தன் பழைய பொய்யோடும் மெய்யோடும் அப்படியே கிடக்கும்.

புதுக் குழாய் ஒன்று கொடுத்தனுப்பினேன்.
திங்கள் காலை ஏழு மணிக்கு வந்தா,
பேரப்பிள்ளையின் லஞ்ச் பொக்ஸில், ஐஸ்கட்டிக்கு நடுவே.
மருமகளுக்குச் சொல்லிராதீங்க மிஸ்.

இருநூற்றுப் பதினாலு.

புற்று என்று குழாய் சொல்லவில்லை.
உள்ளே எங்கோ கசிகிறது,
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பாஷை.
கமரா விட்டுப் பார்க்கத் தேதி கேட்டோம்:
ஆகஸ்ட் இருபத்தாறு.
எங்கள் ஒப்பீட்டு அட்டவணையில்
அந்த நாலு மாதத்துக்கு ஒரு நிரலும் இல்லை.
நிலந்தி போனோடு வெராந்தாவுக்குப் போய்
யாரிடமோ சிங்களத்தில் கெஞ்சினாள்,
பிறகு சண்டை பிடித்தாள்,
பிறகு திரும்பவும் கெஞ்சினாள்.
ஜூன் மூன்று.

மாலை பதிவுப் புத்தகத்தை எடுத்தேன்.
நஸீஹா, ஐம்பத்தெட்டு. அட்டை: சரி. குழாய்: பிழை.
"பிழை"யை வெட்டினேன்.
அன்றைக்குக் கசியாமலும் இருந்திருக்கலாம்,
யார் கண்டது.
வெட்டியதன் மேல் சின்ன எழுத்தில்
"அடுப்பு" என்று எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டேன்.