நாற்பத்தேழாம் கல்

கடலைப் பார்த்ததில்லை எர்ரப்பன்.
"வட்டமா வரணும்" என்று
துரை சுண்ணாம்பில் கிழித்த கோட்டுக்கு
விரற்கடை வளைத்துக் கொத்தினான்
நாற்பத்தாறு கல்லை.
அத்தனையும் காட்பாடியில் ரயிலேறின.
பெயர் வாயில் நுழையாத ஏதோ தீவில்
ஒன்றின்மேல் ஒன்றேறி
விளக்கானதாகக் கேள்வி.

நாற்பத்தேழில் மயிரிழை விரிசல்.
தட்டிக் காது கொடுத்துக் கேட்ட துரை
வேண்டாம் என்றான்.
கூலியில் நாலணா பிடித்தார்கள்.

இங்கேதான் கிடக்கிறது அது,
விரிஞ்சிபுரம் கூட்டுரோட்டில்,
முதுகில் எண் தேய்ந்து.
உட்கார்ந்தால் தெரியும்:
அந்த வளைவு இடுப்பை
லேசாக இடப்பக்கம் தள்ளும்,
வராத அடுத்த கல்லை நோக்கி.

பாலாற்றில் தண்ணீர் இல்லை.
கரை தப்ப ஒரு படகும் இல்லை.
கடைசி குடியாத்தம் பஸ் திரும்பும்போது
வெளிச்சம் ஒருமுறை
கல்லைத் தடவிப் போகிறது,
பிறகு இருட்டு,
பிறகு ஒரு லாரி.