இருபத்தேழு வீதம்

காடைக்குஞ்சு ஒண்டு
ஒரு கொட்டைப்பாக்கு அளவு.
நூற்றிருபதையும் எண்ணி முடிய முன்னம்
ஒண்டு தண்ணிச் சட்டியிலை விழுந்து செத்தது.
பேந்துதான் சட்டிக்குள்ளை கல்லுப் பரவினன்.

முதல் மூண்டு கிழமை
நூறு பங்கிலை இருபத்தேழு புரதம் வேணும் எண்டு
விவசாயக் கந்தோர்ப் பொடியன்
சீமெந்துப் பையிலை கிழிச்ச துண்டிலை எழுதித் தந்தான்.
கடைக் கோழித்தீனிலை இருபதுதான்.
மிச்ச ஏழுக்கு நான் எங்கை போக?

நீர்வேலியிலை வாழைக்குப் பஞ்சமில்லை.
வாழைப்பழத்திலை அது இல்லையாம்.

சூடைக் கருவாட்டை மூண்டு தண்ணியிலை அலசி
உப்புக் கழட்டி, காயவிட்டு, இடிச்சன்.
எள்ளுப் புண்ணாக்கு.
கிடுகு வேலியைத் தட்டத் தட்டக் கறையான்.
வேலி சரிஞ்சுது, குஞ்சு நிமிர்ந்துது.

கருவாடு விலை ஏற, ஒரு சுண்டு குறைச்சன்.
ரெண்டு நாள்தான்.
ஒண்டின்ரை முதுகிலை இறகில்லை,
பக்கத்திலை நிண்டதின்ரை சொண்டிலை
அது இருந்தது.
தனக்கு இறகு கட்டச் சாமான் இல்லாட்டி
கட்டி முடிச்ச வீட்டைப் பிடுங்குமாம்.
குற்றம் சொல்ல ஏலாது.

அலுமாரியிலை கிளினிக்கிலை தந்த திரிபோஷா
ரெண்டு பைக்கற்று.
எனக்கு ஆறாம் மாதம்.
அந்த மணம் பிடிக்கேல்லை எண்டு சுகிர்தனுக்குச் சொன்னது பொய்.
தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சால்
விரல் சூப்புவன்.
ஒரு பைக்கற்றை முழுசாய்ப் பெட்டிக்குள்ளை கொட்டினன்.

வியாழக்கிழமை பிறேமலோஜினி மிஸ் வந்தா.
என்ர அட்டையைப் பார்த்தா.
பெட்டிக்குள்ளை மாவைப் பார்த்தா.
"உதுகளுக்கு நல்லா நிறை ஏறுது" எண்டா.

ஏச்சு வரும் எண்டு நிண்டன்.
அவ குனிஞ்சு ஒரு குஞ்சை எடுத்து
நெஞ்செலும்பைப் பெருவிரலாலை தடவினா.
கையைக் கழுவிப்போட்டு
அதே விரலாலை
என்ர கண்ணின்ரை கீழ்மடலை இழுத்துப் பார்த்தா.
ஒண்டும் சொல்லேல்லை.
அட்டையிலை ஏதோ எழுதி
சிவப்பு மையாலை அடிக்கோடு போட்டா.

நாப்பத்தஞ்சாம் நாள் முதல் முட்டை.
மை தெறிச்ச மாதிரிப் புள்ளி.
வித்துப்போட்டன் எண்டு வீட்டிலை கதை.

அவிச்சு,
கோதிலை ஒட்டின சவ்வையும் விடாமல்
குசினிக்குள்ளை நிண்டபடி திண்டன்.
உள்ளுக்கை ஆரோ
ரெண்டு தரம் தட்டினது.

உதிலை எத்தினை வீதம் எண்டு
அந்தப் பொடியனைக் கேக்கோணும்.