ஐம்பத்தைந்து நிமிடம்

மதுரையிலிருந்து கொழும்பு
நேர்கோட்டில் முந்நூற்றறுபது கிலோமீட்டர்.
சென்னையைவிடக் கிட்ட.
டிக்கெட்டில் போட்டிருந்தது:
புறப்பாடு 2.40, போய்ச் சேர்வது 3.35.
இரண்டு ஊருக்கும் ஒரே மணி,
கூட்டவோ கழிக்கவோ ஒன்றுமில்லை.

ஜெயரூபியின் பெட்டி முப்பத்திரண்டரை கிலோ.
முப்பதுக்குத்தான் அனுமதி.
வெயிட் கூட இருக்கு மேடம் என்றாளாம்
கவுன்டரில் இருந்த பெண், மரியாதையாகத்தான்.
வாசல்வரை திரும்பி வந்து
என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்
ஐந்து லிட்டர் குக்கரை.
துப்பாக்கி வைத்திருந்தவர் மூடியைத் திறந்து பார்த்தார்.
உள்ளே கால் கிலோ வரமல்லி.

இந்தக் கட்டடத்தின் உள்சுவருக்கு
ப்ரைமர் அடித்த கூட்டத்தில் நானும் இருந்தேன்.
அப்போது கழுத்தில் பாஸ்.
எல்லா வாசலிலும் நுழைந்து வெளியே வந்தேன்,
வாளியும் ரோலருமாக.

பேசாலைக் கரையில் படகுக்காரரும்
அதையேதான் சொன்னார்: பாரம் கூட.
அம்மாவின் தையல் மெசினைத் தூக்கி
ஈர மணலில் வைத்தார்.
எனக்கு ஆறு வயது. இவளுக்கு எட்டு மாதம்.
எட்டு மாதத்தை அவர் பாரத்தில் சேர்க்கவில்லை.

அந்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்றால்
சொல்லத் தெரியாது.
ஒரு ராத்திரி,
மணல்திட்டில் ஒரு பகல்,
மண்டபத்தில் பதினேழு நாள்,
பிறகு லாரியில் திருமங்கலம்,
பிறகு பத்துக்குப் பத்தில் முப்பத்துநாலு வருஷம்.
போவதற்கான தாளுக்கு மட்டும்
பதினொரு மாசம் அலைந்தாள்.
நான் எழுதிக் கொடுக்கவில்லை.
என் பெண்டாட்டி செக்கானூரணிக்காரி.
அவளிடம் கடல் என்றால்
ராமேஸ்வரமா, வண்டி வைக்கலாமா என்பாள்.

விமானம் ஏறியதும் பெருங்குடிவரை நடந்தேன்.
பஸ்ஸில் கண்டக்டர் குக்கரைப் பார்த்து
இதுக்கு அரை டிக்கெட் போடவா என்றார்.
மண்டேலா நகரில் கால் மணி நேரம்.
கப்பலூர் டோல்கேட்டில் லாரி வரிசை.
பெயரில்தான் கப்பல்,
அந்த ஊருக்குத் தண்ணீரே லாரியில் வருகிறது.

திருமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
மடியில் குக்கர்,
சட்டைப் பையில் அதன் விசில்.
3.52க்குச் செல்போன் துடித்தது.

இறங்கிட்டன் அண்ணா.

பிழையாக அடித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.
இங்கே பால்வாடிக்குப் போனவள்,
ஆட்டோக்காரரிடம் மதுரைப் பேச்சில்
பத்து ரூபாய் குறைக்கத் தெரிந்தவள்.
வந்துட்டேன், போயிட்டேன், சாப்ட்டேன்.
வந்திட்டன், சாப்பிட்டன் என்றது
கடைசிவரை அம்மா மட்டும்தான்.

திரும்ப வாசித்தேன்.
ஒரே ஒரு கொம்பு இல்லை.
பாரம் கூட என்று
கடலுக்கு மேல் எந்த இடத்தில்
அதை இறக்கி வைத்தாளோ.

நான் இன்னும் போய்ச் சேரல
என்று அடித்து,
அனுப்பலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூட்ஸ் வண்டி போய் முடிந்தது.
பைக்குகள் எல்லாம் உறுமின.
கேட் எழும்பவில்லை.
எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு வண்டி வருதாம்
என்றார் கண்டக்டர்.