முட்கரண்டிக் கணக்கு

வார்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும்
முட்கரண்டிகளை எண்ண வேண்டும்.
பதினான்கு. ஒன்று குறைந்தாலும்
யாரும் மேசையை விட்டு எழ முடியாது.

வீட்டிலும் எண்ணுகிறேன் என்று
யாரிடமும் சொன்னதில்லை.
ஹெல்டுர் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால்
கதவருகே நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்பேன்.
"துண்டு வேணுமா?" என்பேன்.
துண்டு உள்ளேதான் இருக்கும்.

நவம்பரில் ஒரு நோயாளி அடித்துவிட்டார்.
படிவத்தில் ஒரு மனித உருவம், முன்னும் பின்னும்:
காயம்பட்ட இடத்தை வட்டமிடவும்.
தோளை வட்டமிட்டேன்.
தோள் ஒன்பது நாளில் ஆறிவிட்டது.

இப்போது செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு,
சலவையறைக்கு மேலே ஒரு சின்ன அறை,
எங்களுக்கென்று ஒரு மணி நேரம்.
நிர்வாகம் இறங்கிவர இரண்டு குளிர்காலம் பிடித்தது.
அந்த ஒரு மணி நேரம்
வார்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வருகிறார்,
அதுதான் பெரிய விஷயம்.
முதல் மூன்று வாரம் பிஸ்கட்டைப் பற்றியே பேசினோம்.
வெளியே தார்த்து முழுக்கப் பனி.
கீழே இயந்திரங்கள்
போர்வைகளைப் புரட்டிக்கொண்டிருந்தன.

நான்காம் வாரம் உர்வே,
முப்பது வருஷ சர்வீஸ், எதற்கும் அசராத உர்வே,
காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்:
"என் மகள் கல்யாண விருந்தில்
மேசை மேசையாகப் போய்
கத்திகளை எண்ணினேன்."

கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை.
"எத்தனை?" என்றேன்.
"நூற்றுப் பன்னிரண்டு. ஒன்று குறைந்தது."
"கிடைத்ததா?"
"கேக்கில் செருகியிருந்தது."

கைரே சிரித்துச் சிரித்து
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்,
அப்புறமும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றிரவு எண்ணாமல் படுத்தேன்
என்று எழுத ஆசைதான்.
எண்ணினேன்.
ஹெல்டுரிடம் சொல்லிவிட்டு எண்ணினேன்.